முட்டை ஓட்டில் அளந்த எண்ணெய்

ஊட்டியில் எங்கள் காந்தல் பக்கம் என்னை 'முட்டை டீச்சர்' என்பார்கள். நேருக்கு நேர் இல்லை, முதுகுக்குப் பின்னால். எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு. குழாயடியில் பேசுகிற பேச்சு என் காதுக்கு வராமலா போகும்? பச்சை முட்டை, அரைவேக்காட்டு முட்டை, கோழி வெட்டிய பலகையிலேயே வெங்காயம் நறுக்குவது, இதில் எதைக் கண்டாலும் நான் சும்மா இருக்க மாட்டேன். சண்டைக்குப் போய்விடுவேன். ஒரு கல்யாண வீட்டுச் சமையல்கட்டில் போய்ச் சமையல்காரரிடமே மல்லுக்கு நின்றிருக்கிறேன். "கண் கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம்" என்று என் வீட்டுக்காரர் முணுமுணுப்பார். அவர் சொல்வதும் சரிதான். என் விஷயத்தில் கண் கெட்ட பிறகுதான் எல்லாம்.

நான் அங்கன்வாடி டீச்சர். இருபது வருஷத்துக்கு மேலாக இதே வேலை. பிள்ளைகளுக்கு அரசாங்க முட்டை வரும். வந்ததும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன். மிதக்கிறதைத் தூக்கி எறிவேன். விரிசல் விட்டதைத் தொட மாட்டேன். எங்கள் மையத்தில் ஆயா ஒருத்தி உண்டு. "கொதிச்சுப் பத்து நிமிஷம் ஆச்சுங்க டீச்சர், எறக்கீரட்டுங்களா?" என்பாள். விட மாட்டேன். மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் அந்தக் கொதிப்பில் கீழ்நாட்டுச் சூடு இருக்காது. மேட்டுப்பாளையத்தில் பத்து நிமிஷத்தில் வேகிறது ஊட்டியில் பதினைந்து நிமிஷம் கேட்கும். பருப்பு வேகவைக்கிற எல்லாப் பெண்களுக்கும் இங்கே இது தெரியும். எனக்கு நன்றாகவே தெரியும்.

இவ்வளவும் தெரிந்தவள்தான் ஏழு வருஷத்துக்கு முன்னால், ஒரு பனிக்காலத்தில், என் நாத்தனார் மகள் வாயில் பச்சை முட்டையை ஊற்றினேன். ஊருக்கு உபதேசம் உனக்கில்லையடி என்று சொல்வார்களே, அது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் தங்கை. எங்கள் வீடு மேட்டில், அவள் வீடு பள்ளத்தில். நடுவில் நாற்பத்திரண்டு படி. அவள் சோலூர்ப் பக்கம் கேரட் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவள். விடியும் முன்னே ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அவள் வீட்டுக்காரர் கேரளாவில் கட்டட வேலை, மாதத்துக்கு ஒருமுறை வந்து முகம் காட்டுவார். அவர்களுக்கு இரண்டும் பெண்கள். எனக்கு ஒரே பையன், பெண் பிள்ளை இல்லை. அதனால் மூத்தவளை நான் பாதி வளர்த்தேன். தலை பின்னி விடுவது, நோட்டுக்கு அட்டை போடுவது, அடிப்பது, கொஞ்சுவது எல்லாம் நான்தான்.

அவள் ஓடுவாள். சும்மா சொல்லவில்லை. கறிவேப்பிலை வாங்கி வரச் சொல்லி அவள் அம்மா கீழேயிருந்து குரல் கொடுத்தால், அந்தக் குரல் அடங்குவதற்குள் நாற்பத்திரண்டு படியையும் ஏறி என் வாசலில் நிற்பாள். மூச்சு வாங்காது. "ஏம்புள்ள, உனக்கு நடக்கவே தெரியாதா?" என்று திட்டுவேன். "நடந்தா லேட்டாயிரும் அத்தை" என்பாள், திரும்பி இறங்கிக்கொண்டே.

ஏழாவது படிக்கும்போது அவள் பள்ளிக்கூடத்துப் பி.டி. டீச்சர் வீடு தேடி வந்தார். கீழ்நாட்டில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள், இவள் ஓடினால் கட்டாயம் எடுத்துக்கொள்வார்கள், படிப்பும் சாப்பாடும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றார். "மலைப் புள்ளைக்கு நெஞ்சுல மூச்சு நிக்கும்மா. கீழ ஓடறவங்க இவகிட்ட நிக்க முடியாது" என்றார். என் நாத்தனார் அன்று அழுதாள். கேரட் மண்ணில் கிடந்து தேய்ந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவளாவது இந்தப் படியில இருந்து எறங்கிப் போவட்டும் அண்ணி" என்றாள். அந்த ஓட்டத் தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது.

அதற்கு நடுவில்தான் பிள்ளை வயதுக்கு வந்தாள்.

எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. தாய்மாமன் வீடு நாங்கள்தானே! என் வீட்டுக்காரர் மேட்டுப்பாளையத்துக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவர். வருகிற வழியில் பச்சைத் தென்னை ஓலை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து, நாத்தனார் வீட்டின் ஒரே அறையில் ஒரு மூலையை மறைத்துக் கட்டினார். உள்ளே ஒரு பாய், ஒரு கம்பளி, தனித் தட்டு, தனிச் செம்பு, ஒரு இரும்புத் துண்டு. பக்கத்தில் கரியடுப்பு. பதினோராம் நாள் தண்ணீர் ஊற்றி, சீர் வைத்து, வெளியே கூட்டி வருவதாகப் பேச்சு. அதுவரை அவள் வெளியே வரக் கூடாது, எங்கேயும் போகக் கூடாது.

"அப்ப ஓட்டம்?" என்று கேட்டாள். அதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

"பதினோரு நாள் ஓடாட்டி உங் காலு துருப்புடிச்சுப் போகுமா? நல்லாத் தின்னு உக்காரு. அத்தை உன்னத் தேத்தி அனுப்பறேன்" என்றேன்.

தேற்றுவது என்றால் எங்களுக்கு உளுந்தங்களி, பச்சை முட்டை, நல்லெண்ணெய். வயதுக்கு வந்த பிள்ளைக்கு இடுப்பெலும்பு பலமாக வேண்டும், அதற்கு இதைவிட மருந்து கிடையாது என்று எனக்குச் செய்தார்கள், என் அம்மாவுக்குச் செய்தார்கள். அதில் ஒரு முறை இருக்கிறது. நாட்டுக்கோழி முட்டையாக இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். முட்டையின் முனையை மட்டும் தட்டி ஓட்டை போட்டு, அப்படியே அண்ணாந்து உறிஞ்ச வேண்டும். பிறகு அந்தக் காலி ஓட்டிலேயே நல்லெண்ணெயை நிரப்பி அதையும் குடிக்க வேண்டும். ஸ்பூன், டம்ளர் எல்லாம் கிடையாது. ஓடுதான் அளவு. கோழி இட்ட சூடு ஆறுவதற்குள் குடித்தால் இன்னும் விசேஷம்.

என்னிடம் ஆறு கோழிகள் இருந்தன. துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பழைய காய்கறிக் கூடைகளைக் கவிழ்த்து அதில் வளர்த்தேன். புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கிற காலம் அது. கோழிகள் விறைத்துச் சாகுமே என்று கூடைகளைச் சமையலறை ஓரத்தில் ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்திருந்தேன். வைக்கோலும் எச்சமும் ஒரே குப்பை. கூட்டுகிறேன் கூட்டுகிறேன் என்று நினைத்து, குளிரில் தள்ளிப்போட்டேன். "கடையில நாட்டுமுட்டை கெடைக்குமான்னு பாக்கட்டுமா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையச் சொல்றீங்களா? என்ற கோழி முட்டை தங்கம்" என்றேன். அங்கன்வாடியில் முட்டையைச் சந்தேகப்படுகிற நான் என் கோழியைச் சந்தேகப்படவில்லை. அரசாங்க முட்டை எங்கோ பண்ணையிலிருந்து வருகிறது, இது என் கண் முன்னால் வருகிறது, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்றிருந்தேன்.

காலையில் கோழி கேறுகிற சத்தம் கேட்டதும் கூடைக்குள் கையை விடுவேன். முட்டை கதகதவென்று இருக்கும். எச்சம் ஒட்டியிருந்தால் முந்தானையால் துடைப்பேன். கழுவ மாட்டேன், கழுவினால் சூடு போய்விடும், சத்தும் போய்விடும் என்று நம்பிக்கை. ஸ்வெட்டருக்குள் வைத்து அணைத்துக்கொண்டு நாற்பத்திரண்டு படியும் ஓட்டமாக இறங்குவேன். அந்தப் படிகளில் நானும் ஓடியது அந்தப் பதினோரு நாள்தான்.

முதல் மூன்று நாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். குடித்ததும் வெல்லத் துண்டு கொடுப்பேன். அவள் அம்மா மூன்று நாள் லீவு போட்டுவிட்டு நான்காம் நாள் தோட்டத்துக்குப் போய்விட்டாள். அன்று ஓலை மறைப்புக்குள் நானும் அவளும் மட்டும்தான்.

"வேண்டாங்கத்தை. நாத்தமா இருக்குது" என்றாள்.

"நாத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாயைத் தொற."

"நெசமாலுமே அத்தை. ஓட்டுலயே நாறுது. இன்னிக்கு ஒருநா வேக வெச்சுக் குடுங்க, தின்னுக்கறேன்."

வேக வைத்துக் கொடு என்று அந்தப் பிள்ளையே கேட்டாள். இதை எழுதும்போதுகூட எனக்கு என்னைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது. எனக்கோ அங்கன்வாடிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. முட்டை வேறு ஆறிக்கொண்டிருந்தது. "ஓடறவளுக்கு இடுப்பு பலம் வேண்டாமா? செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கறேன்" என்று சொல்லி, இடது கையால் அவள் மூக்கை இறுக்கிப் பிடித்தேன். மூக்கைப் பிடித்தால் வாய் திறந்துதானே ஆக வேண்டும்? திறந்தது. ஊற்றினேன். பிறகு அதே ஓட்டில் எண்ணெய். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. கன்னத்தைக் கிள்ளி, "எங் கண்ணு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

ஆறாம் நாள் காய்ச்சல் வந்தது. வயிறு கழிந்தது. ஒரு பகலில் எட்டுத் தடவையோ ஒன்பது தடவையோ போனாள். எண்ணெய் அதிகமாகிவிட்டது, கரியடுப்புச் சூடு வேறு, சூட்டுப் பேதிதான் என்று நானே முடிவு கட்டினேன். வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன். மோர் கொடுத்தேன். டாக்டரிடம் காட்டலாமா என்று நாத்தனார் கேட்டாள். "தண்ணி ஊத்தாம புள்ளையை வெளிய எடுத்துட்டுப் போறதா? ஊரு சிரிக்கும்" என்றேன். பிள்ளை வாடிப்போய்க் கிடந்தாள். அதைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது. பயத்தில் என்ன செய்தேன் தெரியுமா? சத்தெல்லாம் போகிறதே என்று மறுநாளிலிருந்து இரண்டு முட்டை கொடுத்தேன்.

எட்டாம் நாள் பேதி நின்றது. "பாத்தியா, முட்டைதான் நிறுத்துச்சு" என்று நாத்தனாரிடம் பெருமை அடித்தேன்.

ஒன்பதாம் நாள் இடுப்பு வலிக்கிறது என்றாள். வலது பக்கம். படுத்தே கிடந்தால் வலிக்காதா என்று எண்ணெய் போட்டு நீவிவிட்டேன். நீவும்போது கத்தினாள். அவள் கத்துகிற பிள்ளை இல்லை. முட்டி உரிந்து ரத்தம் வழிந்தாலும் துடைத்துக்கொண்டு ஓடுவாள்.

பதினோராம் நாள் காலையில் ஐந்து தட்டுச் சீரோடு படியிறங்கினோம். பட்டுப்பாவாடை, வளையல், கல்கண்டு, தேங்காய், பழம். அந்தத் தெருவே வந்திருந்தது. தண்ணீர் ஊற்றி, புடவை கட்டி, மாலை போட்டுக் கூட்டி வந்தோம். சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலை ஊன்றாமல் வந்தாள். மணையில் உட்காரச் சொன்னால் காலை மடக்க முடியவில்லை.

"என்ன கண்ணு, மணையேறச் சொன்னா இப்பிடி நொண்டறே? புதுப்பொண்ணு ஒயிலா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள். நான் தோளை அழுத்தி உட்கார வைத்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, எல்லோரும் சந்தனம் பூசி முடிக்கும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம் பூசப் போனபோது என் விரல் சுட்டது. காய்ச்சல் கொதித்தது.

மறுநாள் ஊட்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்ன சாப்பிட்டாள் என்று அங்கே கேட்டார்கள். "வெளியில ஒண்ணுமே சாப்புடலைங்க. பதினோரு நாளா ஊட்டுச் சாப்பாடுதான்" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. முட்டையைச் சாப்பாட்டுக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. அது மருந்து. மருந்தை யாராவது சாப்பாடு என்று சொல்வார்களா? காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தார்கள். இடுப்பைப் படம் எடுத்துப் பார்த்தார்கள், எலும்பு முறிவு எதுவும் இல்லை, இரண்டு நாள் பார்ப்போம் என்றார்கள். அந்த இரண்டு நாளும் போனது. மூன்றாம் நாள் அவள் யாரையும் காலைத் தொட விடவில்லை. பேச்சு குழற ஆரம்பித்தது. உடனே கோயம்புத்தூருக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள்.

ஆம்புலன்சில் குன்னூர் வழியாக இறங்கினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வண்டி திரும்பும்போது அவள் ஒரு சத்தம் போட்டாள். அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நாத்தனார் தலையைப் பிடித்துக்கொண்டாள், நான் காலைப் பிடித்துக்கொண்டேன். பர்லியாறு தாண்டியதும் உஷ்ணக் காற்று உள்ளே வந்தது. "அத்தை, செலக்சனுக்கு இன்னும் எத்தன நாளு?" என்று கேட்டாள். மூன்று வாரம் என்றேன். "அதுக்குள்ள சரியாயிருமா?" என்றாள். ஆயிரும் சாமி, ஆயிரும் என்றேன்.

கோயம்புத்தூரில் ஒரு பெண் டாக்டர். சின்ன வயசு. ரத்தம் எடுத்து அனுப்பினார்கள், அன்றே ஆபரேஷன் செய்து இடுப்பு மூட்டிலிருந்து சீழை எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து அந்த டாக்டர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"பாப்பா இப்பத்தான் வயசுக்கு வந்தாங்களா?"

"ஆமாங்க."

"பச்சை முட்டை குடுத்தீங்களா?"

நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"எங்க வீட்டுலயும் எனக்குக் குடுத்தாங்க" என்றார் அந்த டாக்டர். அவர் குரலில் கோபம் இல்லை. "ரத்தத்துலயும் சீழ்லயும் ஒரே கிருமிதான் வந்திருக்கு. சால்மொனெல்லான்னு பேரு. கோழி பாக்க நல்லாத்தான் இருக்கும், அதுக்கு ஒண்ணும் ஆகாது. அதோட குடல்ல இது குடியிருக்கும். எச்சத்துல வெளிய வந்து ஓட்டு மேல ஒட்டிக்கும். சில நேரம் முட்டைக்குள்ளயே இருக்கும். நாட்டுக்கோழி, பண்ணைக்கோழின்னு அதுக்கு வித்தியாசம் தெரியாது. நல்லா வேக வெச்சா செத்துப் போயிடும். பச்சையா குடிச்சா முக்காவாசிப் பேருக்கு நாலஞ்சு நாள் பேதியோட போயிடும். சிலருக்கு ரத்தத்துல ஏறி எலும்புல போய் உக்காந்துக்கும்."

"எங்கீங்க உக்காந்திருக்குது?" என்று நாத்தனார் கேட்டாள். அவளுக்கு அப்போதும் புரியவில்லை.

"இடுப்புல. தொடை எலும்போட பந்து இருக்கிற எடத்துல."

நான் முட்டை கொடுத்ததே அந்த இடுப்புக்குத்தான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்று சிரிப்பார்களே, அதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. ஆறு வாரம் ஊசி மருந்து ஏற்றினார்கள். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் வலி தொடங்கிய உடனே கொண்டு வந்திருந்தால் மூட்டையும் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள். பந்து அரித்துப்போய்விட்டது. வளர வளர அந்தக் கால் குட்டையாக நிற்கும், பெரியவளான பிறகு மூட்டு மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம், ஓட்டம் வேண்டாம் என்றார்கள்.

ஓட்டம் வேண்டாம் என்று அவளிடம் யார் சொல்வது? யாரும் சொல்லவில்லை. பி.டி. டீச்சர் பார்க்க வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, "அடுத்த வருஷம் பாக்கலாம்டா" என்றார். அவர் சொல்லும்போதே குரல் உடைந்தது. அவள் புரிந்துகொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வராந்தாவில் நாத்தனார் காலில் விழப் போனேன். அவள் என் கையைப் பிடித்துத் தடுத்தாள். "நீங்களா வேணும்னு செஞ்சீங்க அண்ணி? நானுந்தானே குடுக்கச் சொன்னேன்" என்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. நாலு பேர் முன்னால் என்னை அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஊருக்கு வந்ததும் ஆறு கோழிகளையும் அறுத்துச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். "வேணாம்னா எங்களுக்குக் குடுத்திருக்கலாமுல்ல" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். அவளை நான் பேசிய பேச்சுக்கு இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. கோழிகள் மேல் என்ன தப்பு? ஒன்றும் இல்லை. கூடையைக் கூட்டாதவள் நான். முந்தானையால் துடைத்தவள் நான்.

அன்றிலிருந்து முட்டை என் தொண்டையில் இறங்கவில்லை. அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு உரித்துக் கொடுப்பேன். என் தட்டில் வைத்தால் குமட்டிக்கொண்டு வரும். வீட்டில் கோழி எடுத்தால் தனிப் பலகை, தனிக் கத்தி, சோப்புப் போட்டுக் கை கழுவுவது, எலும்போரம் ரத்தம் தெரியாத வரை வேகவிடுவது, எல்லாம் நடக்கிறது. தாய்மார்கள் கூட்டத்தில் இதையேதான் சொல்கிறேன். வயதுக்கு வந்த பிள்ளை இருக்கிற வீடு என்று கேள்விப்பட்டால் அழைக்காமலே போய் நிற்பேன். சிலர் கேட்கிறார்கள். சிலர், "எங்க ஊட்டுல நாலு தலைமுறையாக் குடிச்சோம், எங்களுக்கு என்ன ஆச்சுங்க டீச்சர்?" என்கிறார்கள். நாற்பத்திரண்டு படி இருக்கிற பக்கம் கையைக் காட்டுவேன். அந்தப் பிள்ளையை இப்படிச் சாட்சிக்கு இழுக்கிறேனே என்று அதற்கும் அப்புறம் அழுவேன்.

அவளுக்கு இப்போது பத்தொன்பது வயது. ஊட்டியிலேயே காலேஜ் போகிறாள். வலது செருப்புக்கு அடியில் தடிமனாக ஒரு பட்டை ஒட்டியிருக்கும். அவள் படியேறி வரும் சத்தம் எனக்குத் தெரியும். ஒரு அடி அழுத்தமாக விழும், அடுத்தது இழுத்து விழும், நடுவில் சுவரில் கை தேய்கிற சத்தம். பாதியில் ஒருமுறை நிற்பாள். அந்த நேரத்தில் நான் என்ன வேலை செய்துகொண்டிருந்தாலும் என் கை நின்றுவிடும். மேலே வந்ததும் எதுவும் நடக்காதது போல, "என்ன கொழம்பு அத்தை?" என்பாள்.

முட்டையைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மற்றதெல்லாம் ஊருக்கே தெரியும். மூக்கைப் பிடித்தது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். நான் அதை டாக்டரிடம் சொல்லவில்லை, நாத்தனாரிடம் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. காய்ச்சலும் ஆபரேஷனுமாக எத்தனையோ பட்டுவிட்டாள், இதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

போன பனிக்காலத்தில் அவள் தங்கை வயதுக்கு வந்தாள். நாத்தனார் படியேறி வந்து, "மாமன் ஊட்டுச் சீரு இல்லாம எப்பிடி அண்ணி? வாங்க" என்று கூப்பிட்டாள். போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். வீட்டுக்காரர் விடவில்லை. இந்தத் தடவை ஓலை மறைப்பு இல்லை. சின்னவள் கட்டிலில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றி ஏழெட்டுப் பெண்கள். நான் வாசலுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம்.

மூத்தவள்தான் அடுப்பருகே நின்றாள். முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள். செல்போனில் நிமிஷம் வைத்திருந்தாள். "எறக்குடி, போதும்" என்று அவள் அம்மா சொன்னாள். "இருங்கம்மா, நம்மூருத் தண்ணிக்கு இன்னும் நாலு நிமிஷம் வேணும்" என்றாள். நான் இத்தனை வருஷமாய் ஆயாவிடம் கத்துகிற பேச்சு, அவள் வாயிலிருந்து வந்தது. செல்போன் மணி அடித்ததும் இறக்கி, பச்சைத் தண்ணீரில் போட்டு, ஓடு உரித்து, இரண்டாக அறுத்து மிளகுத்தூள் தூவினாள். மஞ்சள் கரு கட்டியாக, மாவு போல வெந்திருந்தது. பாதியைத் தங்கை வாயில் ஊட்டினாள். மற்றப் பாதியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு அடி அழுத்தமாக, ஒரு அடி இழுத்து, என்னிடம் வந்தாள்.

"நீங்களும் சாப்புடுங்க அத்தை."

"எனக்கு வேண்டாங் கண்ணு."

"நல்லா வெந்திருச்சு. பாருங்க."

"வேண்டாம் சாமி. எனக்கு எறங்காது."

அவள் குனிந்து என் முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டு வந்தாள். கண்ணில் சிரிப்பு இருந்தது. சின்ன வயதில் படியேறி வந்து நிற்பாளே, அதே சிரிப்பு.

"மூக்கைப் புடிக்கட்டுங்களா?" என்றாள்.

சுற்றியிருந்தவர்கள் ஏதோ கேலி என்று நினைத்துச் சிரித்தார்கள். நாத்தனாரும் சிரித்தாள். நான் வாயைத் திறந்தேன்.